இரட்டைக்குழல் துப்பாக்கியைக் குட்டையாக்கினால்?

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுப் பக்கம் போகும் சாலையில் என் தாய்மாமனுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. தோப்பு வீட்டின் உள்ளறையில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், நீளமான ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கும். என் தாத்தா வாங்கியது அது. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் பக்கம் வந்து சேர்ந்தது. ஆகவே அத்துப்பாக்கியின் பழைய லைசென்ஸ் புத்தகத்தில் சித்தூர் முத்திரைதான் இருக்கும். மாமா காலமான பின், முறைப்படி மனுச் செய்து, உரிமம் அவர் மகன் பெயருக்கு மாறியது.

சென்ற மாம்பழப் பருவத்தில் அவன் என்னிடம் கேட்டான்: "மச்சான், நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே, ஒண்ணு சொல்லுங்க. இந்தக் குழல்ல பத்து அங்குலம் அறுத்துட்டா என்ன? ஜீப்புல வைக்க வசதியா இருக்கும். சினிமாவுல பாக்கறோமே, குட்டைத் துப்பாக்கியால ஒரு வெடி வெடிச்சா அறை முழுக்க அடிக்குது. குறிகூட பார்க்க வேணாம் போல!"

"கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டது அசட்டுக் கேள்வி அன்று. குட்டையான இரட்டைக்குழல் துப்பாக்கியின் மேல் உலகெங்கும் பலருக்கு ஓர் ஆசை உண்டு. அந்த ஆசையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மயக்கம் என்பதற்கு இயற்பியலில் விடை இருக்கிறது. பிளஸ் டூ பாடத்தில் படித்த சூத்திரங்களே போதும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு என்பது எதன் கணக்கு?

மாமாவின் துப்பாக்கியை '12 போர்' என்பார்கள். பன்னிரண்டு மில்லிமீட்டரோ, பன்னிரண்டு குண்டோ என்று எண்ண வேண்டாம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் என்பதே பொருள். ஒரு பவுண்டு 453.6 கிராம். பன்னிரண்டால் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. ஆகவே உருண்டையின் கன அளவு 3.33 கன சென்டிமீட்டர். விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குழலின் உள்விட்டம் அதுதான். 16 போர் என்றால் குழல் இன்னும் குறுகியது என்பது இப்போது உங்களுக்கே விளங்கும்.

இக்குழலின் உட்புறம் வழவழப்பானது. ரைபிளில் உள்ளது போன்ற திருகு வரிகள் இல்லை. தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டும் இல்லை. அடியில் மருந்து, அதன்மேல் அடைப்பான், அதன்மேல் மிளகளவோ கடுகளவோ உள்ள ஈய ரவைகள் சுமார் 32 கிராம். வெடித்ததும் ரவைகள் ஒரு கூட்டமாகப் புறப்படுகின்றன. பறக்கும் பறவையை ஒற்றைக் குண்டால் அடிப்பது அரிது. கூட்டமாய்ப் போனால் இரண்டொன்றாவது படும். வேட்டைக்காரர்கள் கண்ட வழி இது. (வேட்டைக் காலம் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது என்பதை நினைவில் கொள்க.)

கையில் எடுத்தால் தெரியும்

இரட்டைக்குழல் என்பது உண்மையில் ஒரே கட்டையில் பொருத்திய இரண்டு துப்பாக்கிகள். இரண்டு குழல், இரண்டு சுத்தி, பெரும்பாலும் இரண்டு விசை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலை செய்யும். தாய்க் கழகமும் தி.மு.க.வும் இரட்டைக்குழல் துப்பாக்கி போன்றவை என்று அண்ணா சொன்ன உவமை நம் அரசியலில் இன்றும் வழங்குகிறதே, அதன் நயம் இதுதான்: கட்டை ஒன்று, வெடிகள் தனித்தனி.

நடு மூட்டில் மடக்கினால் குழல்கள் கீழே சாய்ந்து பின்புறம் திறந்துகொள்ளும். தோட்டா இருக்கிறதா, இல்லையா என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். உள்ளே ஒளிந்திருக்கும் தோட்டா என்ற பேச்சே இல்லை. பாதுகாப்பு என்ற நோக்கில் இதற்கு இணையான அமைப்பு வேறு எந்த வகைத் துப்பாக்கியிலும் இல்லை என்பது என் கருத்து. 1875இல் பர்மிங்ஹாம் நகரின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியில் ஆன்சன், டீலி என்ற இருவர் உருவாக்கிய பொறியமைப்பை இன்றைய இரட்டைக்குழல்களிலும் காணலாம். ஒன்றரை நூற்றாண்டு ஓடியும் மாறாத பொறிகள் எத்தனை உண்டு, சொல்லுங்கள்! மூடும்போது எழும் 'டக்' என்ற ஒலியே சிலருக்கு ஓர் இன்பம். நல்ல கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது வருமே, அதே வகை இன்பம்.

இனி குட்டைக்கு வருவோம். நீளக் குழலையும் குட்டைக் குழலையும் மாறி மாறித் தோளில் வைத்துத் திருப்பிப் பார்த்தவர், குட்டையானது 'தானே திரும்புகிறது' என்பார். காரணம் எடை மட்டுமல்ல, நிலைமத் திருப்புத்திறன். சீரான ஒரு தண்டை அதன் ஒரு முனையைப் பற்றித் திருப்பினால் திருப்புத்திறன் ML²/3 என்று படித்திருக்கிறீர்கள். குழலை வெட்டினால் நீளமும் குறையும், நிறையும் அதே விகிதத்தில் குறையும். எனவே திருப்புத்திறன் நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. 30 அங்குலத்தை 20 ஆக்கினால் மூன்றில் இரண்டின் மும்மடி, அதாவது 27இல் 8 பங்கு. மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை! உண்மைக் குழல் முனைப்பக்கம் மெலிந்தது. கட்டையின் நிறையும் உண்டு. ஆகவே கை உணரும் வேறுபாடு இதைவிடக் குறைவு. ஆயினும் அக்கவர்ச்சி வெறும் கற்பனையல்ல, கையே அளந்து சொல்லும் உண்மை.

அம்பாரியும் அஞ்சல் வண்டியும்

இந்த இலகுவுக்காகவே குட்டை இரட்டைக்குழல் பிறந்த இடங்களுள் ஒன்று நம் நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் யானை மீது அம்பாரியில் அமர்ந்து புலி வேட்டைக்குப் போவார்கள். காயம்பட்ட புலி சில சமயம் யானையின் மேலேயே பாய்ந்து ஏறும். அந்நேரத்தில் நீளத் துப்பாக்கியைத் திருப்ப அம்பாரியில் இடம் ஏது? அதற்காகவே பெருந்துளை கொண்ட குறுகிய இரட்டைக்குழல் கைத்துப்பாக்கிகளை இங்கிலாந்தில் செய்து வாங்கினார்கள். அதற்கு அம்பாரித் துப்பாக்கி என்றே பெயர். நம் நாட்டு 'ஹௌதா' என்ற சொல் அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில் 1852இல் தொடங்கிய வெல்ஸ் பார்கோ போன்ற கம்பெனிகள் பொன்னையும் பணத்தையும் குதிரை வண்டிகளில் அனுப்பின. வண்டியோட்டியின் பக்கத்தில் காவலாள் ஒருவர் குட்டை இரட்டைக்குழலோடு உட்காருவார். ஆடும் வண்டியில், நெருக்கமான இருக்கையில், அது கைக்கு அடங்கியது.

இரண்டு இடங்களிலும் பொதுவானதைக் கவனியுங்கள். இடமோ குறுகியது, ஆபத்தோ கைக்கெட்டும் தூரத்தில். அந்தத் தேவை போய்விட்டது. அதன் நிழலாக ஆசை மட்டும் நிற்கிறது. குறிபார்க்கும் கலையே முதன்மையான இடத்தில் யாரும் குட்டையைத் தொடுவதில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இரட்டை டிராப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஒரே நேரத்தில் பறக்கும் இரண்டு களிமண் தட்டுகளை இரண்டு வெடிகளில் உடைக்க வேண்டிய போட்டி அது. இரட்டைக்குழலுக்கென்றே வகுத்தது போன்றது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் கலந்துகொண்டார். இப்போட்டிகளில் 30 அங்குலத்தை ஒட்டிய நீண்ட குழல்களே வழக்கம். காரணம் அதே திருப்புத்திறன்தான். எளிதில் திரும்பத் தொடங்குவது எளிதில் நின்றும் விடும். பறக்கும் தட்டைத் தொடர்ந்து ஒரே சீராகக் குழல் நகர வேண்டுமானால் முனையில் கொஞ்சம் கனம் வேண்டும்.

குழலுக்குள் நடப்பது

பத்து அங்குலம் போனால் ரவையின் வேகம் எவ்வளவு குறையும்? பாதியாகும் என்று என் வகுப்பு மாணவர்கள் பலர் சொல்வதுண்டு. உண்மை வேறு. இக்காலப் புகையில்லா மருந்து மிக விரைவில் எரிந்துவிடுகிறது. அழுத்தம் முதல் சில சென்டிமீட்டருக்குள் உச்சத்தை எட்டிவிடும். அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு. அதன்பின் வாயு விரிந்துகொண்டே போவதால் தள்ளும் விசை வேகமாகக் குறைகிறது. குழலின் கடைசிப் பகுதி, ஓர் அங்குலத்துக்கு விநாடிக்கு 2 அல்லது 3 மீட்டர் வேகத்தைத்தான் கூட்டுகிறது. முனையில் வேகம் விநாடிக்கு 370 மீட்டர் என்று கொண்டால், பத்து அங்குலம் போவதால் இழப்பு 25 மீட்டர் அளவே. வேகத்தில் ஏழு விழுக்காடு.

முன்வாய் வழியே கருமருந்து இடித்துச் சுட்ட காலத்தில் குழல் நீண்டிருந்ததற்கு ஒரு காரணம், அந்த மருந்து மெதுவாக எரிந்ததுதான். நரிக்குறவர் தோளில் முன்பு கண்ட அந்த நெட்டைத் துப்பாக்கிகளை முதியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள்.

இதுவரை என் மைத்துனன் பக்கம்தான் கணக்கு சாய்கிறது, இல்லையா? அவனும் அப்படித்தான் சிரித்தான். ஆனால் வாயு, தான் செய்யாமல் விட்ட வேலையை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

மாமாவின் இடது காது

குழலின் குறுக்குப் பரப்பு 2.7 சதுர சென்டிமீட்டர். 30 அங்குலக் குழலின் கொள்ளளவு ஏறத்தாழ 205 கன சென்டிமீட்டர். 20 அங்குலக் குழலுக்கு 137. அதே வாயு ஒன்றரை மடங்கு குறுகிய இடத்திலிருந்து வெளியே பாய்கிறது. பாயில் விதிப்படி முனை அழுத்தம் ஒன்றரை மடங்கு. வெடி சில மில்லி விநாடிகளில் முடிவதால் வெப்பம் வெளியேற நேரமில்லை. எனவே பாயில் விதியைவிட வெப்பமாற்றீடற்ற விரிவின் விதியே இங்குப் பொருந்தும், அதன்படி 1.6 மடங்குக்கும் மேல். வெடியோசை என்பது இந்த வாயு காற்றை அறையும் அறை. அது வலுக்கிறது, போதாததற்கு, குழல்வாய் காதுக்கு ஒரு கால் மீட்டர் நெருங்கியும் வருகிறது.

சாதாரண நீளமுள்ள 12 போர் துப்பாக்கியே சுடுபவர் காதில் 150 டெசிபெலுக்கு மேற்பட்ட உச்ச ஒலியை எழுப்புவது. 140 டெசிபெலைத் தாண்டிய திடீர் ஓசை ஒரே முறையில்கூடக் காதைக் கெடுக்கலாம். உட்செவியின் நத்தை எலும்பில் உள்ள மயிர்ச் செல்கள் முறிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

மாமா காட்டுப்பன்றியைச் சுட்டதில்லை. சட்டமும் இடம் தராது. வானத்தை நோக்கி ஒரு வெடி, பன்றிக் கூட்டம் ஓடிவிடும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். பஞ்சு இந்த ஓசைக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஐம்பது வயதுக்குள் அவருக்கு இடது காது மந்தமாகிவிட்டது. மணியோசை கேட்கும், 'ச', 'ஸ' கேட்காது. பேத்தி பேசினால் வலப்பக்கம் வந்து உட்காரச் சொல்வார்.

இடது காது மட்டும் ஏன்? வலக்கைக்காரர் துப்பாக்கியை வலத்தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது, இடது காது குழல்வாயை நோக்குகிறது; வலது காது தலையின் நிழலில் மறைகிறது. ஒலிக்கும் நிழல் உண்டு என்று அலையியலில் படிக்கிறோமே, அதை மாமா தம் காதிலேயே சுமந்தார். மைத்துனன் இதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

உதைப்பு

அடுத்தது பின்னுதைப்பு. ரவையும் அடைப்பானும் சேர்ந்து 35 கிராம், வேகம் விநாடிக்கு 370 மீட்டர். உந்தம் ஏறத்தாழ 13 அலகு. வேகமாக வெளியேறும் வாயுவின் பங்கு இன்னும் ஒரு 2 அலகு. மொத்தம் 15. துப்பாக்கி 3.2 கிலோ என்றால் அது பின்னோக்கி விநாடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் வருகிறது. உந்தம் இரு பக்கமும் சமம், ஆற்றல் சமமல்ல. ரவைக்கு ஏறத்தாழ 2200 ஜூல், துப்பாக்கிக்கு 35 ஜூல். இந்த ஏற்றத்தாழ்வு இல்லாவிட்டால் தோள் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! ரவை குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி நகர்ந்திருக்கும் தூரத்தையும் நிறைகளின் விகிதத்திலிருந்து கணக்கிடலாம்: சுமார் 8 மில்லிமீட்டர்.

குழலை அறுத்து 400 கிராம் குறைத்தால் உதைப்பின் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு அளவே கூடும். அதைத் தாங்கலாம். தாங்க முடியாதது வேறு. குழலின் அச்சு தோளுக்குச் சற்று மேலே இருப்பதால் உதைப்பு முனையை மேலே தூக்கும். திருப்புத்திறன் குறைந்துவிட்டதால் இப்போது தூக்கல் மிகும். முனை மீண்டும் இறங்கி இலக்குக்கு வர நேரம் பிடிக்கும். இரண்டாவது வெடி உடனே தயார் என்பதுதானே இரட்டைக்குழலின் பெருமை? அந்தப் பெருமையையே அறுத்தெறிந்ததாகிறது.

இன்னொரு நுட்பம். பக்கத்தில் பக்கமாக உள்ள இரண்டு குழல்களும் இணைகோடுகள் அல்ல. வலது குழல் வெடிக்கும்போது உதைப்பு துப்பாக்கியை இலேசாக வலப்பக்கம் திருப்பும். இடது வெடித்தால் இடப்பக்கம். அதை ஈடுகட்ட, இரு அச்சுகளும் முன்னே போகப்போக நெருங்கும்படி வைத்துப் பற்றவைக்கிறார்கள். தேர்ந்த கைவினைஞர் ஓர் எடைக்கும் ஒரு நீளத்துக்கும் சரிபார்த்துச் செய்த சமன்பாடு அது. அரம் அதை அறியாது.

அறை முழுக்க அடிக்குமா?

இனி சினிமாக் கதை. ரவை விரிவதைத் தீர்மானிப்பது குழலின் நீளமன்று, குழல்வாயின் ஒடுக்கம். இதைச் 'சோக்' என்பார்கள். முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவு ஒடுக்கினாலே ரவைக் கூட்டம் நெருங்கிப் போகிறது. 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் வரைந்தால், முழு ஒடுக்கமுள்ள குழலின் ரவைகளில் 70 விழுக்காடு அதற்குள் விழும். ஒடுக்கமே இல்லாத குழலில் 40 விழுக்காடு. இரட்டைக்குழலில் வழக்கமாக வலது குழல் சற்றுத் தளர்ந்தது, இடது இறுக்கமானது.

இதை நான் ஏழாம் வகுப்பில் கண்ணால் கண்டேன். கிணறு வெட்டிப் போட்ட உயரமான மண்மேட்டில் மாமா இரண்டு செய்தித்தாள்களைக் குச்சியால் குத்தி வைத்தார். நாற்பது தப்படி பின்வந்து, தாளுக்கு ஒரு குழலாகச் சுட்டார். ஓட்டைகளை எண்ணும் வேலை எனக்கு. இடது குழலின் தாள் சல்லடை. வலது குழலின் தாளில் சில பத்திகளைப் படிக்கவே முடிந்தது. நான் எண்ணிய முதல் புள்ளிவிவரம் அதுதான்.

குழலை அறுத்தால் முனையிலுள்ள ஒடுக்கமும் போய்விடும். அதனால்தான் குட்டையானது அதிகம் விரிக்கிறது என்ற பேச்சு வந்தது. அப்படியும் எவ்வளவு? ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் என்பது தோராயக் கணக்கு. ஓர் அறையின் நீளம் ஐந்து மீட்டர் என்றால் ரவைகள் ஒரு சாஸர் தட்டின் அகலத்துக்குள்தான் போய் விழும். குறி தவறினால் தவறியதுதான். குட்டைக் குழலில் கண்ணுக்கும் முனைக்கும் உள்ள தூரம் குறைவதால் சிறு கைநடுக்கமும் பெருங்கோணமாகிறது. ஆகவே குறி பார்க்க வேண்டாம் என்பதற்கு நேர் எதிரானதே உண்மை.

இலக்கைத் தவறிய ரவை எங்கே போகும்? ஷூர்னே என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் கண்ட ஓர் எளிய விதி உண்டு. ரவையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 80 மீட்டர் வரை அது செல்லக்கூடும். 2.6 மில்லிமீட்டர் ரவை 200 மீட்டருக்கு மேல். 8 மில்லிமீட்டர் பெருரவை 600 மீட்டரையும் தாண்டும். மாமன் தோப்பிலிருந்து அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவ்வளவு தூரம்கூட இல்லை.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இதற்கென்றே தனி உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்குவதைத் தடை செய்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குப் போதாது, மீறினால் சிறை. 20 அங்குலத்துக்குக் குறைந்த வழவழக் குழல்களை நம் ஆயுத விதிகள் சாதாரண இரட்டைக்குழலோடு சேர்க்காமல் கடுமையான வகையில் வைக்கின்றன. அமெரிக்காவிலும் 1934ஆம் ஆண்டுச் சட்டம் 18 அங்குலத்தில் கோடு கிழித்தது. சட்டம் அஞ்சுவது வேகத்தையோ விரிவையோ அன்று. வேட்டிக்குள்ளோ சட்டைக்குள்ளோ மறைக்க முடிகிறதே, அதைத்தான்.

கணக்குத் தாளை மைத்துனன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழல்களின் வழியாகவும் வெளிச்சத்தைப் பார்த்தான். என்னிடம் கொடுத்து, "நீங்களும் பாருங்க மச்சான்" என்றான். வழவழப்பான இரண்டு வட்டங்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு மெல்லிய நெருக்கம், இடதில் சற்று மிகுதியாக. அப்படியே எண்ணெய் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். காதுக்கு அணியும் காப்பு எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டான்.